காவலாளியிடம் பேச வந்தவர்: மனைவியை ஆர்பிஜி மேசைக்கு அழைத்து வந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி. இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. கணவர் கல்லூரி நாட்களிலிருந்தே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறவர். இப்போது ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஐந்து பேர் கொண்ட குழு மாதம் இரண்டு சனிக்கிழமை இவர்கள் வீட்டு ஹாலில் கூடும். மாலை ஐந்துக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பது ஆகும். ஒரே கதை பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு இந்த விளையாட்டு தெரியாது. ஆனால் விளையாட்டே தெரியாதவர் அல்லர். பாட்டி வீட்டில் தாயமும் பரமபதமும் ஆடி வளர்ந்தவர். அலுவலகத் தோழிகளோடு மாஃபியா ஆடுவார், யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். துப்பறியும் தொடர் பார்க்கும்போது பாதியிலேயே குற்றவாளியைச் சொல்லிவிடுவார். இந்தத் தகவல்கள் எல்லாம் கணவருக்குத் தெரியும். முதல் முயற்சியில் இவற்றில் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

ஆர்பிஜி ஆடியிராதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். டிஎம் சூழலைச் சொல்வார், ஆடுகிறவர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் 1974இல் இதை வெளியிட்டபோது, அது சிப்பாய் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிரிந்து வந்த கிளை. அந்த வம்சாவழி இன்றும் தெரிகிறது. விதிப் புத்தகத்தில் சண்டைக்கு ஒதுக்கிய பக்கங்கள் அதிகம், பேச்சுக்கு ஒதுக்கியவை கொஞ்சம். புதியவரை அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் சண்டையையே முதலில் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் முயற்சி

ஒரு சனிக்கிழமைக் குழுவில் மனைவியும் சேர்வது என்று முடிவாயிற்று. முந்தின இரவு பாத்திரம் உருவாக்க உட்கார்ந்தார்கள். முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. குழு அப்போது ஐந்தாம் லெவலில் (லெவல் என்பது ஆட ஆட உயரும் பாத்திரத்தின் வலிமை நிலை) இருந்ததால் அவருக்கும் ஐந்தாம் லெவல் பாத்திரம். விசார்ட், அதாவது மந்திரவாதி. ஏன் விசார்ட் என்றால், குழுவில் அந்த இடம் காலியாக இருந்தது. தேர்வு நடந்தது குழுவின் தேவையை வைத்து.

ஐந்தாம் லெவல் விசார்டுக்குச் சின்ன மந்திரங்கள் 4. அறிவுக்குக் கூட்டும் எண் +4 என்றால் அன்றைக்குத் தயாராக வைத்துக்கொள்ளும் மந்திரங்கள் 9. அவற்றைப் போடுவதற்கான இடங்கள் முதல் படியில் 4, இரண்டாம் படியில் 3, மூன்றாம் படியில் 2. மந்திர நூலில் இருக்கும் மொத்த மந்திரங்கள் 14. ஒவ்வொன்றுக்கும் தூரம், நேரம், எதிராளி எதை உருட்டித் தப்பலாம் என்ற விவரம் தனித்தனி. நான்கு மாதம் ஆடியவரே நடுவில் புத்தகத்தைப் புரட்டும் பாத்திரம் இது. முதல் நாள் வந்தவர் கையில் கொடுத்தது மூன்று பக்கத் தாள்.

அன்று இரண்டு சண்டைகள். ஒரு சுற்று முடிந்து அடுத்த முறை அவரிடம் வர ஏறக்குறைய இருபது நிமிடம். டிஎம் வைத்திருந்த குறிப்பேட்டின்படி நான்கு மணி நேரத்தில் அவர் முறை ஒன்பது தடவை வந்தது. அந்த ஒன்பதில் எட்டுத் தடவை, அவர் வாய் திறப்பதற்கு முன் பக்கத்தில் இருந்த கணவர் சொல்லிவிட்டார்: இதைப் போடு, அதை உருட்டு, இங்கே நகரு.

மீதியிருந்த ஒரு தடவை நடந்ததை விரிவாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு கோட்டை வாசல். உள்ளே கூலிப்படையினர் நாலைந்து பேர், வாசலில் தனியாக ஒரு காவலாளி. மனைவியின் முறை வந்தது. அன்று முதல்முறையாகக் கணவரைப் பார்க்காமல் டிஎம்மைப் பார்த்துக் கேட்டார்: "அவன் யாருக்காக அங்க நிக்கிறான்? கேட்டுப் பாக்கலாமா?"

டிஎம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கணவர் குறுக்கிட்டார்: "அது இப்ப வேணாம்மா. எல்லாரும் ஒரே இடத்துல நிக்கிறாங்க பாரு, ஃபயர்பால் போடு."

போட்டார். ஃபயர்பால் என்பது எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை, 31 விழுந்தது. தப்பும் உருட்டலில் வென்றாலும் பாதிச் சேதம் உண்டு. காவலாளியிடம் இருந்தது 11 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர் அளவு; பாதியே போதும். மேசை முழுக்கக் கைதட்டல். அவர் சிரித்துவிட்டு, எல்லோருக்கும் டீ போட எழுந்து போனார். திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்ததும் "நல்லா இருந்துச்சு" என்றார். அடுத்த சனிக்கிழமைக்குக் கூப்பிட்டபோது, "நீங்க ஆடுங்க, எனக்குத் துணி மடிக்கிற வேலை இருக்கு" என்றார். அதற்கடுத்த முறை கணவர் கூப்பிடவில்லை.

என்ன நடந்தது என்று பார்த்தவை

கணவர் சொன்ன காரணம்: விதிகள் கஷ்டம். குழுவின் டிஎம் சொன்ன காரணம்: எல்லோருக்கும் இதில் ஆர்வம் வராது. இரண்டும் வழக்கமாகச் சொல்லப்படுபவை, இரண்டையும் சொன்னவர்கள் மனைவியைக் கேட்டுச் சொல்லவில்லை.

குழுவில் இருந்த ஒரு தோழி, பத்து நாள் கழித்து அவரையே நேரில் கேட்டார். வந்த பதில்: "பகடை உருட்டறது, கூட்டறது எல்லாம் புரிஞ்சுது. என்ன பண்றேன்னு என்னை யாரும் கேக்கலையே. அந்தக் காவல்காரன் யாருன்னே தெரியாம கொன்னுட்டேன்."

இந்த ஆய்வு முழுவதும் இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது. ஆர்பிஜியில் புதியவருக்குக் கிடைக்க வேண்டியது ஒரே ஒரு பொருள்: தான் எடுத்த முடிவு, அதனால் நேர்ந்த விளைவு. மந்திரம், லெவல், பகடையின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு. அன்று மேசையில் அவர் பெயரில் ஒரு பாத்திரம் இருந்தது, ஆனால் முடிவுகள் வேறொருவருடையவை. அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அனுபவமுள்ள டிஎம் ஒருவர் அதை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பார்.

கணவரின் பிழை அன்பில்லாததால் வந்ததல்ல. மனைவி தடுமாறிவிடக் கூடாது, மற்றவர்கள் முன் தவறாக ஆடிவிடக் கூடாது என்ற பதற்றம் அவருக்கு. துணையை அழைத்து வருகிறவர்களிடம் இந்தப் பதற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும். வெளியாள் ஒருவர் தவறாக ஆடினால் பொறுத்துப் பார்ப்போம். வீட்டாள் தடுமாறினால் கை தானாக நீளும்.

மறு முயற்சிக்கு எடுத்த முடிவுகள்

அந்தத் தோழியே டிஎம்மாக இருந்து தனி ஆட்டம் ஒன்று நடத்த முன்வந்தார். கணவர் நடத்தட்டும் என்ற யோசனையும் வந்தது, கைவிடப்பட்டது. டிஎம் என்பவர் "இல்லை, அது நடக்கவில்லை" என்று அடிக்கடி சொல்ல வேண்டியவர். அதைக் கணவர் சொன்னால் அந்த 'இல்லை' சாப்பாட்டு மேசை வரைக்கும் வரும். மனைவி தயங்கும் இடங்களில் கணவர் தெரியாமலேயே எளிதாக்கிவிடுவார் என்ற பயமும் இருந்தது.

கணவர் ஆடலாமா என்பதில் கருத்து வேறுபாடு. கடைசியில் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். டிஎம் நேரடியாகக் கேட்டாலொழிய விதி எதையும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் மற்ற இருவரும் பேசிய பிறகே பேச வேண்டும். மனைவிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, எதிரில் உட்கார வேண்டும்.

மூன்றாவது ஆளாக மனைவியின் சித்தி மகள், கல்லூரி மாணவி. மேசையில் தெரியாதவர் ஒருவராக இருந்தால் அவர் பார்வையாளராகிவிடுவார், இருவராக இருந்தால் கேள்வி கேட்கத் துணிச்சல் வரும் என்பது கணக்கு. பழைய கதை வேண்டாம், அன்றே தொடங்கி அன்றே முடியும் கதை. முதல் லெவல். இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்துக்குச் சண்டை இல்லை.

பேச்சு தமிழிலேயே. பழைய குழுவில் பாதிக்கு மேல் ஆங்கிலம் ஓடும். விதிச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றைத் தொட்டு வரும் வாக்கியமும் ஆங்கிலமாகிவிடும். கணக்குச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பாத்திரங்கள் பேசுவது தமிழில் இருக்க வேண்டும் என்று டிஎம் முன்கூட்டியே சொன்னார். இதன் பலன் பின்னால் தெரிந்தது.

தயாரிப்பு

மூன்று பக்கத் தாளுக்குப் பதில் அரை ஏ4 அளவில் நான்கு அட்டைகள் தயாராயின. ஒவ்வொன்றிலும் மேலே ஒரே வரியில் அவள் யார் அல்லது அவன் யார். அதன் கீழ் நன்றாகச் செய்யக்கூடிய மூன்று காரியங்கள், கூட்ட வேண்டிய எண்ணோடு. பிறகு ஆயுதம் ஒன்று, ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்), ஹிட் பாயிண்ட். பதினெட்டுத் திறன்களின் பட்டியல், மொழிகள், மூட்டை எடை, பணம் ஆகியவை அட்டையில் இல்லை. டிஎம்மின் தாளில் இருந்தன. பெயர் எழுத மட்டும் இடம் காலியாக விடப்பட்டது.

நான்கையும் மேசையில் பரப்பி அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். மனைவி எடுத்தது ரோக், அதாவது ஒளிந்தும் பேசியும் காரியம் சாதிக்கும் தந்திரக்காரி. அதன் மேல்வரி: "எதிரே இருப்பவர் பொய் சொன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும்." தங்கை வில்லாளி அட்டையை எடுத்தார். கணவருக்கு மீந்தவற்றில் கிளெரிக். குணப்படுத்தும் மந்திரம் வைத்திருக்கும் இந்தப் பாத்திரம் மற்றவர் செய்கைக்குப் பின்னால் வரும் இயல்புடையது. பேச்சைக் குறைக்க வேண்டியவருக்குப் பொருந்தியது.

ரோக் அட்டையின் எண்கள்: இணங்க வைப்பதற்கு +7, மனதை வாசிப்பதற்கு +5, ஒளிந்து நகர்வதற்கு +5. ஆர்மர் கிளாஸ் 14, விதிப்படி ஹிட் பாயிண்ட் 10.

இந்தப் பத்தில்தான் ஆபத்து. கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றுக்குத் தாக்குதல் எண் +4. ஆர்மர் கிளாஸ் 14ஐத் தொட இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 55. பட்டால் ஒரு ஆறுமுகப் பகடையோடு இரண்டு, சராசரி ஐந்தரை. இரண்டு அடி பட்டால் ஆள் கீழே. மூன்று கோப்ளின்கள் ஒருவரையே குறிவைத்தால், அவர் முறை வருவதற்கு முன்பே அது நடக்கலாம். அனுபவசாலிகள் முதல் லெவலின் இந்த மெல்லிய உயிரை ரசிப்பார்கள். அவர்களுக்கு எங்கே மறைவது என்று தெரியும். புதியவருக்கு அது, முடிவெடுக்கும் முன்பே வெளியேற்றப்படுவது. அதனால் மூன்று பாத்திரங்களுக்கும் 10 கூட்டப்பட்டது. ரோக் 20இல் தொடங்கினாள். பகடையில் டிஎம் மறைவாகக் கைவைப்பதைவிட இது மேல். பகடை பொய் சொல்லாது என்ற நம்பிக்கை முதல் நாளே கெட்டுவிட்டால் பிறகு வராது.

மேசையில் வைத்த பகடைகள் ஆளுக்கு மூன்று: இருபது முகம், எட்டு முகம், ஆறு முகம், மூன்றும் வேறுவேறு நிறம். ஏழு பகடை உள்ள முழு செட்டைக் கொடுத்தால் எட்டு முகத்துக்கும் பத்து முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒவ்வொரு உருட்டலுக்கும் தேடல். "சிவப்பை உருட்டுங்க" என்றால் தேடல் இல்லை.

முந்தின நாள் டிஎம் இருவருக்கும் போன் செய்து, கதையில் என்ன வரக் கூடாது என்று கேட்டார். மனைவி சொன்னது: குழந்தைகளுக்கு ஆபத்து வருவது வேண்டாம். எழுதிவைத்திருந்த கதையில் காணாமல்போனது ஓடக்காரரின் பையன். அதை மாற்றி ஓடக்காரரையே காணாமல்போக்கினார்கள். இந்த இரண்டு நிமிட போன் இல்லாமலிருந்தால் ஆட்டத்தின் நடுவில் கதையை உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

ஞாயிறு மாலை

நான்கு மணிக்குத் தொடங்கியது. விதி விளக்கம் மொத்தம் நான்கு நிமிடம். டிஎம் பயன்படுத்திய ஒப்பீடு தாயம்: "தாயத்துல கட்டையை உருட்டிட்டு அப்புறம் எந்தக் காயை நகர்த்தறதுன்னு யோசிப்போம். இங்க தலைகீழ். என்ன பண்றேன்னு முதல்ல சொல்லணும். நடக்குமான்னு எனக்குச் சந்தேகம் வந்தா மட்டும்தான் உருட்டச் சொல்வேன்." முதல் முயற்சியில் நான்கு மணி நேரத்தில் யாரும் சொல்லாதது இது. பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு எதற்கு என்று தெரியாமல் காத்திருக்கும் புதியவரை எல்லா மேசையிலும் பார்க்கலாம். தாயமும் லூடோவும் ஆடி வந்த கைக்கு அது இயல்பு.

முதல் காட்சி ஒரு ஓடத்துறை. மழை விட்ட காலை. ஓடக்காரர் இல்லை. டிஎம் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "மூணு விஷயம் கண்ணுல படுது. ஓடத்தோட கயிறு அவிழ்க்கப்படல, அறுக்கப்பட்டிருக்கு. சேத்துல சின்னக் காலடித் தடம். சுங்கக் கொட்டகையில ஒரு காவல்காரர், பட்டப்பகல்ல விளக்கெரியுது. எதுகிட்ட போறீங்க?"

"காவல்காரர்கிட்ட." யோசிக்கவே இல்லை.

காவலாளியை விறைப்பானவராக நடத்த டிஎம் திட்டமிட்டிருந்தார். "யாரும்மா நீ, இங்கெல்லாம் வரக் கூடாது" என்றும் தொடங்கிவிட்டார். மனைவி சொன்ன முதல் வாக்கியம்: "அண்ணே, சாப்பிட்டீங்களா? விளக்கை அணைக்கக்கூட மறந்துட்டு உக்காந்திருக்கீங்களே."

தமிழில் ஆடுவதன் பலன் இங்கே. யாரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே பாதிக் காரியம் நடந்துவிடுகிறது. 'நீ' என்று அதட்டியவரை 'அண்ணே' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிட்டு உறவுக்குள் இழுத்தாகிவிட்டது; இதை "நான் அவரை இணங்க வைக்கப் பார்க்கிறேன்" என்று அறிவிக்க வேண்டியதில்லை. டிஎம் அதைப் பிடித்துக்கொண்டு அட்வான்டேஜ் கொடுத்தார்: இருபது முகப் பகடை இரண்டு, பெரிய எண் எதுவோ அது. தேவையான எண் 15. +7 இருக்கும்போது ஒரு பகடையில் வாய்ப்பு நூற்றுக்கு 65, இரண்டில் ஏறக்குறைய 88. விழுந்தவை 4, 13. நான்கு மட்டும் விழுந்திருந்தால் 11தான், தோல்வி. பதின்மூன்றோடு ஏழு இருபது.

"நீங்க சொன்ன அந்த அண்ணேதான் இந்தப் பதின்மூணு" என்றார் டிஎம். தன் சொல் பகடையாக மாறியதை மனைவி கண்ணால் பார்த்த இடம் இது. பிறகு, முன்பு பாதியில் நின்ற அதே கேள்வியைக் கேட்டார்: "யாருக்காகண்ணே இங்க நிக்கிறீங்க?"

டிஎம் இதற்குத் தயாராக இருந்தார். கதையையே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் எழுதியிருந்தார். சுங்கக் குத்தகைக்காரர் ராத்திரியில் ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். காவலாளியின் வளர்ந்த மகள் குத்தகைக்காரர் வீட்டில் வேலை பார்க்கிறாள். அதனால் வாய் திறக்க முடியாது. இந்தப் பேச்சுக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம், போனது முப்பத்தைந்து. டிஎம் அவசரப்படுத்தவில்லை. ஆற்றங்கரையில் இரவில் ஒளிந்து போகும் இரண்டாம் காட்சியை அப்படியே வெட்டிவிட்டு, பழைய மாவு ஆலைக்கு நேராகக் கொண்டுபோனார். சரியான முடிவு. தயாரித்தது வீணாகிறதே என்று ஓடிக்கொண்டிருக்கும் பேச்சை வெட்டும் டிஎம்கள் அதிகம்.

கணவர் இந்த முப்பத்தைந்து நிமிடமும் பேசவில்லை. ஒரு முறை வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

தவறிப்போனவை

தங்கை திணறினார். டிஎம் அவரிடம் "நீ என்ன பண்ற?" என்று மொட்டையாகக் கேட்டார், இரண்டு தடவையும் மௌனம். மனைவியிடம் மூன்று பொருளைக் காட்டிக் கேட்டவர், தங்கையிடம் எதையும் காட்டாமல் கேட்டது கவனக்குறைவு. எதுவும் செய்யலாம் என்பது புதியவருக்குச் சுதந்திரமாகப் படுவதில்லை. பரீட்சைத்தாள் போலப் படுகிறது. பிற்பாடு டிஎம் "கூரை மேல ஏறலாம், ஜன்னல் வழியா பாக்கலாம், வேற ஏதாவது தோணுதா?" என்று கேட்கத் தொடங்கியதும் தங்கையின் பேச்சு வந்தது.

ஆலையில் மூன்று கோப்ளின்கள் ஓடக்காரரைக் கட்டிவைத்திருந்தன. மனைவி உப்பு மூட்டையைக் காட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன் நடுவில் தங்கை, "நான் அம்பு விடறேன்" என்றார். டிஎம் நிறுத்தினார்: "அக்கா பேசறது உனக்குக் கேக்குது. தெரிஞ்சே விடறியா?" "ஆமா, எப்படியும் சண்டை வரத்தானே போகுது." அம்பு பட்டது, ஒரு கோப்ளின் செத்தது, பேரம் முறிந்தது. மனைவியின் முகம் சட்டென்று மாறியதை எல்லோரும் கவனித்தார்கள். முதல் முயற்சியில் கணவர் தட்டிப் பறித்ததை இப்போது தங்கை பறித்தது போலாயிற்று.

டிஎம் இங்கே செய்தது சரியா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. தங்கையின் முடிவும் ஒரு புதியவரின் முடிவுதான், அதைத் தடுத்தால் முதல் பிழையே வேறு ஆளிடம் திரும்ப நடக்கும். ஆனால் இருவர் எண்ணம் மோதும்போது என்ன செய்வது என்று தொடக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

சண்டை மூன்று சுற்றுதான், ஆனால் முப்பத்தைந்து நிமிடம் தின்றது. அதில் ஆறு நிமிடம் ஒரு விதிக்காக. ரோக்கின் ஸ்னீக் அட்டாக், எதிரிக்கு ஐந்து அடிக்குள் தன் கூட்டாளி நின்றாலே கிடைக்கும். கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை. டிஎம் அதை மறந்தார். கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். பிறகு இருவரும் போனில் விதியைத் தேடினார்கள். மனைவியும் தங்கையும் அந்த ஆறு நிமிடமும் தங்கள் போனைப் பார்த்தார்கள்.

ரோக்குக்குப் பட்டது இரண்டு அடி, 8ம் 5ம். மொத்தம் 13. விதிப்படியான 10 மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் சுற்றிலேயே விழுந்திருப்பாள். 7 மீதியோடு நின்று ஓடக்காரரின் கட்டுகளை அறுத்தாள்.

ஆறு மணிக்கு முடிய வேண்டியது ஆறு இருபத்தைந்துக்கு முடிந்தது.

அதன் பிறகு

முடிந்ததும் டிஎம் "பிடிச்சுதா?" என்று கேட்கவில்லை. அதற்கு "நல்லா இருந்துச்சு" என்ற ஒரே பதில்தான் வரும், முதல் முயற்சியிலும் அதுதான் வந்தது. "எது ஞாபகத்துல நிக்குது?" என்று கேட்டார். மனைவி சொன்னது காவலாளியை. தங்கை, "நான் அம்பு விட்டது தப்பா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சேச்சே, இல்ல" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

தங்கை இன்னும் ஒரு முறை வந்தார். பிறகு, "அக்கா, எனக்கு இது செட் ஆகல" என்று நேராகவே சொல்லிவிட்டார். அவர் இடத்தில் மனைவியின் அலுவலகத் தோழி ஒருவர் சேர்ந்தார், மாஃபியா ஆடும் கூட்டத்தில் ஒருவர்.

மனைவி தொடர்ந்தார். நான்கு மாதத்தில் ஆறு அமர்வுகள், எல்லாம் ஞாயிறு மாலை, எதுவும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. விதிகள் அமர்வுக்கு ஒன்றாக வந்தன. இரண்டாம் அமர்வில் யார் முதலில் அடிப்பது என்பதற்கான உருட்டல். மூன்றாம் அமர்வில் ஓய்வெடுத்து உயிர் மீட்பது. இரண்டாம் லெவல் வந்தபோது ரோக்குக்குக் கிடைக்கும் கன்னிங் ஆக்‌ஷன், அதாவது ஒரே முறையில் அடித்துவிட்டு ஓடவோ ஒளியவோ செய்வது. முழுத் தாள் வேண்டும் என்று நான்காம் அமர்வில் அவரே கேட்டார். மூன்றாம் லெவல் வந்ததும் அந்த இரவல் 10 ஹிட் பாயிண்ட் திரும்பப் பெறப்பட்டது. காரணத்தைச் சொல்லியே எடுத்தார்கள்.

கணவரின் சனிக்கிழமைக் குழுவிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. மனைவி மறுத்துவிட்டார். ஆறு பேர் மேசையில் தன் முறைக்கு இருபது நிமிடம் காத்திருக்க விருப்பமில்லை என்றார். கணவருக்கு இதில் வருத்தம் இருந்தது. ஒரே மேசையில் ஒரே கதையை ஆட வேண்டும் என்பதுதான் அவர் முதலில் ஆசைப்பட்டது. அது நடக்கவில்லை. ஞாயிற்று மேசையில் அவர் இப்போதும் எதிர்ப்பக்கம்தான் உட்காருகிறார்.

திரும்ப நடத்தினால் மாற்ற வேண்டியவை

முதல் அமர்வில் துணை இல்லாமலிருப்பதே நல்லது என்பது எங்கள் முடிவு. நிபந்தனை வேலை செய்தது, ஆனால் கணவர் அடக்கிக்கொண்டிருப்பது மேசைக்கே தெரிந்தது; மனைவி இரண்டு இடங்களில் உருட்டுவதற்கு முன் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் அமர்வில் சேர்ந்துகொள்ளலாம். ஆள் கிடைக்காமல் துணையே டிஎம் ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், வெளியாள் ஒருவரையாவது மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரத்தின் அடையாளமான விதியை அட்டையின் முகப்பிலேயே எழுத வேண்டும். ரோக் அட்டையில் "கூட்டாளி எதிரிக்குப் பக்கத்தில் நின்றால் சிவப்போடு இன்னொரு ஆறுமுகம்" என்ற வரி இருந்திருந்தால் அந்த ஆறு நிமிடம் போயிருக்காது. ஏதேனும் விதி ஒரு நிமிடத்துக்கு மேல் குழப்பினால், அப்போதைக்கு ஆடுகிறவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர வேண்டும். புத்தகத்தை ஆட்டம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று பேருக்கு இரண்டு கோப்ளின் போதும். மூன்று வைத்தது பழகிய கையின் கணக்கு.

தங்கையோடு முன்கூட்டியே பேசியது போனில் அந்த இரண்டு நிமிடம் மட்டுமே. அவருக்கு எது பிடிக்கும் என்று யாரும் விசாரிக்கவில்லை. மேசையை நிரப்ப வந்தவராகவே நடத்தப்பட்டார். முதல் முயற்சியில் மனைவிக்கு விசார்ட் கொடுத்ததும் இதே பிழைதான். "ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது இன்னொருத்தர் அடிக்கணும்னு நினைச்சா, ரெண்டு பேரும் மேசையில பேசி முடிவு பண்ணிட்டு அப்புறம் சொல்லுங்க" என்ற ஒரு வாக்கியத்தைத் தாய ஒப்பீட்டோடு சேர்த்தே சொல்லியிருக்கலாம். புதிய தோழி வந்த நாளிலிருந்து டிஎம் அதைச் சொல்கிறார்.

இன்னொன்றும் தாமதமாகவே கைவந்தது. அமர்வு முடிந்ததும் அட்டைகளைத் திரும்ப வாங்கி வைக்கும் டிஎம், மூன்றாம் அமர்வு வரைக்கும் அவற்றின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது ரோக் அட்டையின் பின்னால், முதல் நாள் தேதி போட்டு, மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "காவல்கார அண்ணன் பொண்ணை அந்த வீட்லேர்ந்து வெளிய கொண்டு வரணும்." நான்காம் அமர்வுக்கு எழுதிவைத்திருந்த கதையை டிஎம் ஒதுக்கிவிட்டு, குத்தகைக்காரர் வீட்டின் வரைபடத்தைப் போட உட்கார்ந்தார்.